கை பொறுக்கும் சூடு

இறால் கம்பெனியில் அவளுக்குப் பெயர் தராசு. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். ஐஸில் கிடக்கும் இறாலை இரண்டு கையாலும் அள்ளி, ஒரு குலுக்குக் குலுக்கி, "அரைக் கிலோவுக்குப் பத்து கிராம் குறையுது" என்பாள். மின்தராசில் கொட்டினால் நானூற்றுத் தொண்ணூறு காட்டும். ஒரு நாள் அவள் சொன்னதும் மின்தராசு சொன்னதும் ஒத்துப்போகவில்லை. சூப்பர்வைசர் யோசிக்காமல் மின்தராசைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த பொருள் கைக்கு அதன் எடையைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரியும். நம்பாதவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்த ஒரு காசையும் சட்டைப்பையில் கிடந்த அதே மாதிரிக் காசையும் உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவள் சொன்ன எடையெல்லாம் கூடுதலாகவே போய், மேசையில் எல்லோரும் கேலி பேசினார்கள். பிறகு அவளாகவே பிடித்துக்கொண்டாள்: குளிர் சேர்த்துச் சொல்வதைக் கழித்துவிட வேண்டும். பதினெட்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கழித்தலைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள் என்பதுதான் இந்தக் கதை.

அவள் வேலை தரம் பிரிப்பது. நீளமான எவர்சில்வர் மேசை, அதன் மேல் உடைத்த ஐஸ், ஐஸுக்குள் இறால். இந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள், அந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள், எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெரியது, நடுத்தரம், சிறியது, ஓடு இளகியது, தலை கறுத்தது என்று ஐந்து கூடைகளில் பிரித்துப் போட வேண்டும். கையுறை உண்டு. ஆனால் உறைக்குள் இருக்கிற விரலுக்கு இளகிய ஓடும் கெட்டி ஓடும் ஒன்றுதான். அதனால் நுனியைக் கத்தரித்துவிட்டுப் போட்டுக்கொள்வாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு போவார். முதல் மணி நேரம் விரல் வலிக்கும். இரண்டாவது மணி எரியும். மூன்றாவது மணியில் வலியும் போய், எரிச்சலும் போய், தொட்டது சொரசொரப்பா வழவழப்பா என்கிற நியாயமான கேள்விக்குக்கூட விரலிடமிருந்து பதில் வராது. அதற்குமேல் கண்ணால் பார்த்துத்தான் பிரிப்பாள்.

காலை ஆறிலிருந்து இரண்டரை வரை ஷிப்ட். வீடு இரண்டு தெரு தள்ளி, நடந்தால் பத்து நிமிஷம். "இவ மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவா. இவ விரல் ஏழு மணிக்குத்தான் வரும்" என்று கணவன் சொல்லுவான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். வந்த அன்று மொட்டை மாடிக் கொடியில் சருகாகக் காய்ந்த துணி அப்படியே தொங்குவதைப் பார்ப்பான். கேட்டால், "தொட்டுப் பாத்தேன், ஈரமா இருந்துச்சு" என்பாள். குளிர்ந்த விரலுக்கு, மாலைக் காற்றில் கிடந்த துணி காய்ந்திருந்தாலும் ஈரம்தான். "காஞ்ச துணிய மறுபடியும் காயப்போடற ஒரே ஆளு நீதான்" என்று சொல்லி அவனே எடுத்து மடித்து வைப்பான்.

கல்யாணமான புதிதில் அவள் தொட்டால் துள்ளுவான். விளையாட்டுக்கு அவன் சட்டைக்குள் கையை விட்டுச் சிரிப்பாள். நாளாக நாளாகத் துள்ளுவதும் நின்றது, விளையாட்டும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. அவன் உடம்பு அவள் கைக்குச் சுட்டது, அவள் கை அவன் உடம்புக்குச் சில்லிட்டது, இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் படுக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரே மகள் வெளியூர் விடுதியில் படிக்கிறாள். தொடுவதற்கு வீட்டில் ஆள் குறைந்தபோது அது அவளுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை. மரத்துப்போவதில் ஒரு வசதி உண்டு: எது மரத்தது என்று தேட வேண்டியதில்லை.

மாமனார் ரொட்டி அடுப்புக்காரர். நாற்பது வருஷம் ஒரு பேக்கரியின் பின்கட்டில் விறகு அடுப்பின் முன்னால் நின்றவர். அந்த அடுப்புக்குச் சூடு பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. வலது கையை அடுப்புக்குள் நீட்டி, இடது கையால் இரும்புக் கதவைத் தட்டித் தட்டி எண்ணுவார். நாலு தட்டுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம். எட்டு என்றால் மாவை உள்ளே தள்ளலாம். இருபதைத் தாண்டியும் தட்டிக்கொண்டிருந்தால் நெருப்புப் போதாது. அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், சத்தத்தைக் கேட்டு யாராவது விறகு கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். கணவன் இதையெல்லாம் நடித்துக் காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான், பேச்சுச் சிக்கனம். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் அதிகம் சொன்னது, "டீ ஆறிப்போச்சும்மா" என்பதுதான். சாயங்காலம் டீ போட்டு எடுத்தால் டம்ளர் அவள் கையைப் பொசுக்கும். பெரியவர் வாய் வெந்துவிடுமே என்று நாலு தடவை ஆற்றிக் கொடுப்பாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, ஆறிப்போச்சும்மா என்பார். "அந்த மனுஷனுக்கு அடுப்பையே டம்ளர்ல ஊத்திக் குடுத்தாலும் ஆறிப்போச்சுன்னுதான் சொல்லுவாரு" என்று மேசையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பாள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை அவர் கட்டிலிலிருந்து எழுந்தார், நிற்க முடியாமல் சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயின. பசித்தாலும் "ஆ", வலித்தாலும் "ஆ", அதற்குமேல் வாயிலிருந்து ஒன்றும் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வலது பக்கம் அவருக்குச் சூடு குளிரு எதுவுமே தெரியாது. வெந்துபோனாக்கூடத் தெரியாது. போன மாசம் ஒருத்தர, வீட்டுல வெந்நீர ஊத்தி, தோலு உரிஞ்சு தூக்கிட்டு வந்தாங்க. கை பொறுக்குற சூட்டுல குளிப்பாட்டுங்க. கை வெச்சுப் பாக்காம ஒரு சொம்பு ஊத்தாதீங்க."

அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஏற்பாடு இப்படி அமைந்தது. காலையிலிருந்து மாடிவீட்டு டியூஷன் டீச்சர் கீழே வந்து அவரோடு இருப்பார். மூன்றே காலுக்கு டீச்சரின் மாணவர்கள் படிக்கட்டில் வந்து குந்திக்கொள்வார்கள். அவரைக் கட்டிலிலிருந்து குளியலறை நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே அவள் வீட்டுக்குள் நுழைந்த கையோடு, பையைக்கூடக் கழற்றாமல், இரண்டு பேருமாகத் தூக்கி உட்காரவைப்பார்கள். டீச்சர் மேலே ஓடிவிடுவார். அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதைப் பக்கெட்டில் ஊற்றி, கையை விட்டுப் பார்ப்பாள். சுடும். பச்சைத் தண்ணீர் விளாவுவாள். இன்னமும் சுடும். நர்ஸ் சொன்ன தோல் உரிந்த ஆள் ஞாபகத்துக்கு வருவான். இன்னும் இரண்டு சொம்பு விளாவி, கை நிம்மதியாகப் பொறுத்த பிறகுதான் அவர் மேல் ஊற்றுவாள்.

முதல் சொம்பு விழுந்ததுமே அவர் கத்தினார். "ஆ" தான், ஆனால் தெருவரை கேட்கும் "ஆ". உடம்பு முழுக்க உதறியது. வேலை செய்த இடது கை பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டொக்டொக்கென்று ஆட ஆரம்பித்தது. குளித்து முடிக்கும் வரை நிற்கவில்லை. அது நரம்புத் தளர்ச்சி என்று அவள் நினைத்தாள். முதல் வாரம் பதறினாள். இரண்டாவது வாரம் கெஞ்சினாள். "இதோ ஆச்சு மாமா, இதோ ஆச்சு." மூன்றாவது வாரத்திலிருந்து எதுவும் சொல்லாமல் ஊற்றித் துடைத்துவிட்டாள். பதறிப்பதறி ஒரு மனுஷி எத்தனை நாள்தான் பதறுவது.

இதில் ஒரு கூத்து. லீவில் வந்த அவர் மகன், அவள் கணவன்தான், காலை பத்து மணிக்கு எழுந்து அவரைக் குளிப்பாட்டினான். அவர் மூச்சுவிடவில்லை, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "என்கிட்ட கை கால் எதுவும் ஆடலையே" என்றான் அவன். அடுத்த தடவையும் அப்படியே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டு மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, ஆனாலும் பழமொழி தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்: பெரியவருக்குத் தன் கை பிடிக்கவில்லை. பிள்ளை கை பிடிக்கிறது, மருமகள் கை பிடிக்கவில்லை. பேச்சு இருந்தபோது டீயைச் சொன்னார், இப்போது கத்துகிறார். அவள் இதற்காக அழவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

நாத்தனாருக்குச் செய்தி டீச்சர் வழியாகப் போனது. நாத்தனார் என்றால் கணவனின் அக்கா, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கண்காணிப்பாளர், எதையும் ஃபைல் போட்டு முடித்துவைக்கிற ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள்; சீசனில் இறால் கம்பெனிக்கு ஞாயிறு லீவு கிடையாது. அன்று தானே அப்பாவைக் குளிப்பாட்டினாள். ஒரு சத்தம் இல்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"நான் குறை சொல்ல வரலம்மா. வேலைக்கும் போயிட்டு இவரையும் பாத்துக்கறே, யாரு செய்வா. ஆனா அவருக்கு உன் கை ஒத்துக்கல. சில பேருக்கு அப்படித்தான். என்ன பண்றது?"

"தெரியல அண்ணி."

"எனக்குத் தெரிஞ்ச முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. சுத்தமா வெச்சிருக்காங்க, ஆம்பள நர்ஸ் இருக்காங்க. தம்பிகிட்ட பேசிட்டேன். நீ என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம் அண்ணி."

இரண்டு பேருமாகப் போய் அவரைக் கேட்டார்கள். நாத்தனார்தான் கேட்டாள். "அப்பா, அங்க போயி இருக்கீங்களா?" அவர் மகளைப் பார்த்தார். கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று.

போனால் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காவது வெட்கப்பட்டிருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும் என்று ஏற்பாடாயிற்று. அவள் அவருடைய வேட்டி சட்டைகளை எடுத்து, தொட்டுப் பார்த்து, ஈரமாக இருக்கிறதென்று மறுபடியும் கொடியில் போட்டாள்.

வியாழக்கிழமை மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும், முன்பு துணிக்கடையில் நின்றவள், நைலானா பருத்தியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று வந்த உடனே பீற்றிக்கொண்டாள். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்பு உண்டு. இரண்டு மணி நேரம் ஐஸில் கையை விட்டு அவர்கள் முகம் கோணுகிற நேரம் பார்த்து, ஒருத்தி பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவருவாள். இத்தனை வருஷமாக மக்கைக் கொண்டுபோகும் உரிமை தராசுக்குத்தான்.

"கை விறைச்சுப்போச்சா? இந்தாம்மா, வெந்நீர். கொஞ்ச நேரம் விட்டுக்க."

புதியவள் நன்றியோடு கையுறையை உருவி, கையை விட்டாள். மறுகணம் வெளியே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அய்யோ, கொதிக்குதுக்கா."

இருபத்துமூன்று பெண்களும் சிரித்தார்கள். எதிரில் நின்ற ஒருத்தி வந்து மக்குத் தண்ணீரைப் புதியவளின் கன்னத்தில் தெளித்தாள். அவள் முழித்தாள். அது மூலைக் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர். இந்த இடத்தில் தராசு சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு, அதைச் சொன்னால்தான் வரவேற்பு பூர்த்தியாகும். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள்:

"சூடு தண்ணியில இல்லம்மா. உன் கையில இருக்கு."

சொல்லி முடித்தவள் மக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

சிரிப்பு அடங்கி எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அவள் போய் மக்கைக் குழாயடியில் வைத்தாள். அதை வைத்துவிட்டு, கையுறை நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்தாள். வெளுத்து, நுனி சுருங்கி இருந்தன. ஊரில் எத்தனை பேருக்கு இந்த வேடிக்கையைக் காட்டியிருப்பாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரி. இது முதுகுகூட இல்லை, தினமும் கண்ணுக்கு முன்னால் பத்து விரலாக நீட்டிக்கொண்டிருப்பது. மகன் காலை பத்து மணிக்குக் குளிப்பாட்டினான். நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினாள். அவர்கள் கை பொறுத்தது வேறு சூடு.

"தராசு, இது எவ்வளவு இருக்கும் பாரு" என்று ஒருத்தி ஒரு தட்டை நீட்டினாள்.

அள்ளினாள். "ஐநூறு."

மின்தராசு நானூற்று அறுபது காட்டியது. சூப்பர்வைசர் வந்து தராசைத் தட்டிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் கழிக்க மறந்திருந்தாள்.

மீதி நேரம் முழுக்க அவள் காதில் டொக்டொக் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நரம்புத் தளர்ச்சி என்று அவள் பெயர் வைத்த சத்தம். ஒரு தடவையாவது அதை எண்ணிப் பார்த்திருக்கிறாளா? இல்லை. எண்ணாவிட்டாலும் இருபதைத் தாண்டியிருந்தது என்று நிச்சயமாகத் தெரியும். குளித்து முடிக்கும் வரை தட்டுவார். வாயில்லாத மனிதர் மூன்று மாதமாக விறகு கேட்டுக்கொண்டிருந்தார். இவள் பச்சைத் தண்ணீரை விளாவி விளாவி ஊற்றியிருக்கிறாள், மழைக்காலத்தில், நடுக்கத்தோடு உட்கார்ந்திருந்தவர் மேல். இதை நினைத்தபோதும் வேலை நிற்கவில்லை. கை பாட்டுக்குப் பெரியது பெரியது சிறியது என்று கூடையில் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் வழக்கம்போல் டீச்சரும் அவளுமாக அவரைத் தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். படிக்கட்டில் டீச்சரின் செருப்புச் சத்தம் தேய்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்த உடனேயே அவர் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். இத்தனை நாளும் அதை அவள் தன் மேலுள்ள வெறுப்பு என்று பார்த்திருந்தாள். வரப்போகும் குளிருக்காகக் குறுகுகிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெந்நீரைப் பக்கெட்டில் ஊற்றினாள். பழக்க தோஷத்தில் கை தானாகப் பக்கெட்டுக்குள் போகப் பார்த்தது, இழுத்துக்கொண்டாள். கன்னத்தை வைத்துப் பார்க்கலாமா என்று குனிந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு அவர் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா."

அவர் பார்த்தார்.

"தண்ணி சில்லுன்னு இருந்துதா? இத்தன நாளும்?"

அவர் முகத்தில் சரிபாதிதான் இப்போது அசையும். அந்தப் பாதி அசைந்தது. இடது கண் அவளையே பார்த்தது.

"எனக்குத் தெரியல மாமா. என் கைக்கு எல்லாமே கொதிக்கும். நான் கையத்தான் நம்பினேன்." குரல் சாதாரணமாகத்தான் வந்தது, கடையில் சாமான் கேட்பது போல. அவளுக்கே அது கேட்டது. "நீங்க என்னைப் பிடிக்காம கத்துறீங்கன்னு நெனச்சேன். தப்பு என்மேலதான். இன்னைக்கு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

முதலில் அவர் கை தாங்குமளவுக்குத் தாராளமாகவே பச்சைத் தண்ணீர் விளாவினாள். அவருடைய இடது கையை எடுத்துப் பக்கெட்டுக்குள் வைத்தாள். கை தண்ணீரில் சற்று நேரம் சும்மா கிடந்தது. பிறகு நடுவிரல் பக்கெட்டின் உட்சுவரைத் தட்டியது. டொக். அவள் எண்ணினாள். பத்து. பதினைந்து. இருபது. இருபத்தொன்று.

எழுந்து போய் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து, அவர் கைபடாத ஓரமாக ஊற்றிக் கலக்கினாள். மறுபடி தட்டினார். பதினான்கில் நிறுத்தி, யோசித்து, மறுபடி தட்டினார். இருபது போயிற்று. இன்னொரு சொம்பு. இந்த முறை எட்டில் நின்றது. ஒன்பது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கை தண்ணீருக்குள் விரிந்து கிடந்தது.

சொம்பை முக்கியபோது அவள் விரல்கள் தண்ணீரில் பட்டு, நெருப்பைத் தொட்டது போல் துள்ளின. இதையா ஒரு மனிதர் மேல் ஊற்றுவது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் உடம்பு சொன்னதைக் கேட்கவில்லை; அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். முதுகில் ஆவி பறந்தது. தோள்கள் இறங்கின. ஒரு சத்தமும் வரவில்லை. ஒவ்வொரு சொம்புக்கும் அவள் கை எரிந்தது, ஒவ்வொரு சொம்புக்கும் அவர் இன்னும் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தார். முழுப் பக்கெட்டையும் ஊற்றிவிடாமல் கடைசியில் காலுக்கென்று கால் பக்கெட் நிறுத்திவைத்துவிட்டு, துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள்.

வெளியே மேசைமேல் போன் அடித்தது. போய் எடுத்தாள். நாத்தனார்.

"துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா? மாத்திரைச் சீட்ட மறந்துடாதே."

"அண்ணி, நாளைக்கு வண்டி வேண்டாம்."

"ஏன், என்னாச்சு? தம்பி ஏதாவது சொன்னானா?"

"இல்ல அண்ணி. தண்ணி சில்லுன்னு இருந்திருக்கு."

"எந்தத் தண்ணி?"

"நான் குளிப்பாட்டுன தண்ணி. மூணு மாசமா. ஐஸுல இருந்து நேரா வந்து கைய வெச்சுப் பாத்தா பச்சத்தண்ணியும் சுடத்தான் செய்யும். எனக்குத் தோணல."

ஃபைலில் எந்தப் பக்கத்தில் இதைச் சேர்ப்பது என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை போல.

"ஆனா போறேன்னு அவரே தலைய ஆட்டினாரேம்மா."

"நானா இருந்தாலும் ஆட்டியிருப்பேன் அண்ணி. நாளைக்கு வாங்க. அவரு குளிச்சதுக்கு அப்புறம் நீங்களே இன்னொரு தடவை கேளுங்க. அப்பவும் போறேன்னா நானே கூட வந்து விட்டுட்டு வரேன்."

"சரி, வண்டிய நிறுத்தச் சொல்றேன்" என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்.

திரும்பி வந்து அவர் காலைக் கழுவக் குனிந்தாள். சொம்புக்குக் கையை நீட்டியபோது அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கீழே விழப்போகிறாரோ என்று பயந்து அவரைத் தாங்கப் போனாள். அவர் விழவில்லை. அவள் கையைத் தன் முழங்கால் மேல் வைத்து, மேலே தன் கையை வைத்தார். விரலால் அவள் புறங்கையைத் தட்ட ஆரம்பித்தார். தட்டுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கண்ணால் எண்ணினாள். இருபதைத் தாண்டி இருபத்தாறு வரை போனது. நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். டீ ஆறிப்போச்சும்மா என்று சொல்லும்போது பார்க்கிற அதே பார்வை. பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, மிச்சமிருந்த வெந்நீருக்குள் அழுத்தினார்.

சுட்டது. பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். ஒரு கைதான் வேலை செய்கிறது என்றாலும் நாற்பது வருஷம் ரொட்டி மாவு பிசைந்த கை அது, விடவில்லை. இருக்கட்டும் என்று அவளும் அதற்குமேல் இழுக்கவில்லை. தண்ணீருக்குள் அவள் கை, அதன்மேல் அவர் கை. விரலுக்குள்ளே எங்கேயோ ஆழத்தில் குடைச்சல் ஆரம்பித்தது. ஊசி ஊசியாகக் குத்தி, நகக்கண் வரை வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த வலியை அவளுக்குத் தெரியும். தினமும் ஏழு மணிக்கு, பாத்திரம் துலக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாமல் வருகிற வலி.

மணி நாலுகூட ஆகவில்லை. வலியோடு வலியாக இன்னொன்றும் தெரிந்தது: தன் விரல்கள் மேல் படிந்திருந்த ஒரு உள்ளங்கை, அதில் பழைய தீக்காயத் தழும்புகளின் சொரசொரப்பு. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு தட்டும் இப்போது கைக்கே தெரிந்தது, கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எட்டில் நிறுத்தினார். அவள் அப்போதுதான் அழுதாள்.